குரலின் பாதை பொதுப் பாதை

(தூத்துக்குடியில் மாணவர்களும் தொழில்துறையினரும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இணையத் தொலைபேசியும் காப்புரிமையும். இது வக்கீல்களின் விஷயம், நமக்கென்ன என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இந்த ஊரில் வெளியூர் போன ஆள் இல்லாத வீடு எத்தனை? ஒருவர் சரக்குக் கப்பலில் இருக்கிறார். ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். ஒருவர் மாலத்தீவுக்குத் தோணியில் போயிருக்கிறார். அவர்கள் குரல் இன்று பெரும்பாலும் இணையம் வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறது. அந்தக் குரல் வந்து சேர ஒரு கணக்குமுறை வேண்டும். அந்தக் கணக்குமுறைக்குச் சொந்தக்காரர் யார்? அவர் எதைக் கேட்டால் நாம் கொடுத்தாக வேண்டும்? இதுதான் இன்றைய கேள்வி.

முதலில், குரல் எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்ப்போம்.

நீங்கள் பேசும்போது காற்று அதிர்கிறது. அந்த அதிர்வை நொடிக்கு 8,000 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதுகிறார்கள். பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு 64,000 பிட். இது 1972இல் உலகத் தொலைத்தொடர்பு அமைப்பு ஏற்றுக்கொண்ட ஜி.711 என்ற தரம். எளிமையானது, நம்பகமானது, இன்றும் உயிரோடு இருப்பது. ஆனால் இடத்தை அடைத்துக்கொள்வது.

இதைச் சுருக்க முடியாதா? முடியும் என்று காட்டியவர்களில் முன்னணியில் நிற்பவர் ஓர் இந்தியர். பிஷ்ணு அடல். 1933இல் கான்பூரில் பிறந்தவர். லக்னோவில் படித்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து, 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தவர். அவர் கண்ட வழியின் சாரம் இது. பேச்சில் அடுத்த நொடித்துளி எப்படி இருக்கும் என்பதை முந்தைய துளிகளை வைத்தே பெரும்பாலும் ஊகித்துவிடலாம். அப்படியானால் முழு ஒலியையும் ஏன் அனுப்ப வேண்டும்? ஊகிக்கும் விதியை அனுப்பு. ஊகம் தவறிய அளவை மட்டும் சேர்த்து அனுப்பு. 1985இல் அவரும் மான்ஃபிரெட் ஷ்ரோடரும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பேசுபவர் பக்கமும் கேட்பவர் பக்கமும் ஒரே ஒலிமாதிரிப் பட்டியலை வைத்துக்கொள்வது. எந்த மாதிரி பொருந்துகிறதோ அதன் எண்ணை மட்டும் அனுப்புவது. அந்த முறைக்கு செல்ப் என்று பெயர். அன்றைக்கு இருந்த கிரே-1 என்ற மாபெரும் கணினியில்கூட ஒரு நொடிப் பேச்சைச் சுருக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடித்ததாம். இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைபேசி அதை நீங்கள் பேசும்போதே செய்துவிடுகிறது.

இப்படிக் குரலைச் சுருக்கி அனுப்பி, மறுபக்கம் விரித்துத் தரும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். நம் பேச்சின் நாயகன் இவர்தான்.

அடலும் ஷ்ரோடரும் விதைத்தார்கள். கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகம் அதைக் கைக்கு அடக்கமாக, சிறிய சில்லுக்குள் ஓடும்படியாகச் செதுக்கியது. பிரான்ஸ் டெலிகாம் சேர்ந்தது. ஜப்பானின் என்.டி.டி. சேர்ந்தது. இவர்கள் எல்லோருடைய உழைப்பும் திரண்டு 1996இல் ஜி.729 என்ற தரமாக வெளிவந்தது. நொடிக்கு 64,000 பிட் கேட்ட குரல், 8,000 பிட்டில் அடங்கியது. எட்டில் ஒரு பங்கு! பேசுபவரை அடையாளம் தெரிகிறது, சொல் புரிகிறது. அருமையான சாதனை என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

அந்த உழைப்புக்குக் கூலி வேண்டாமா? வேண்டும். இந்த மேடையிலிருந்து நான் அதை உரக்கச் சொல்ல விரும்புகிறேன். கண்டுபிடித்தவனை வெறுங்கையோடு அனுப்பும் சமுதாயம் அடுத்த கண்டுபிடிப்பைப் பார்க்காது. காப்புரிமை என்பது ஓர் உடன்படிக்கை. "உன் ரகசியத்தை ஊரறிய எழுதிக் கொடு, 20 ஆண்டு அதன் பயன் உனக்கு, அதன் பிறகு அது எல்லோருக்கும்" என்று அரசு கண்டுபிடித்தவனிடம் சொல்கிறது. நல்ல உடன்படிக்கைதான். பிறகு சிக்கல் எங்கே வருகிறது?

கண்டுபிடிப்பு தரமாக மாறும்போது வருகிறது!

ஒருவர் புதுவிதமான தையல் இயந்திரம் செய்து காப்புரிமை வாங்கினால் எனக்கு வழி இருக்கிறது. அது வேண்டாமென்று வேறு இயந்திரம் வாங்கலாம். குரலில் அப்படி முடியாது. நான் பேசும் கோடெக் உங்கள் பக்கமும் இருந்தால்தான் பேச்சு நடக்கும். உலகம் முழுவதும் ஒரு முறையை ஏற்றுக்கொண்டுவிட்டால், அந்த முறை இல்லாதவன் ஊமை. மதுரைக்குப் போகிறவர்கள் புதூர் பாண்டியாபுரம் சுங்கச்சாவடியை அறிவீர்கள். அங்கேயாவது கட்டணப் பலகை வெளியே நிற்கிறது. சாலைக்குச் சொந்தக்காரர் யார் என்பது தெரியும். ஆனால் பொதுப் பாதைக்குள் புதைந்திருக்கும் காப்புரிமைக்குப் பலகை கிடையாது. நீங்கள் வாகனத்தை வாங்கி, ஓட்டப் பழகி, பாதி தூரம் போன பிறகுதான் கட்டணம் கேட்டு ஆள் வருவார்.

ஜி.729க்கு அப்படி ஆள் இருந்தார். உரிமையாளர்கள் பலருடைய காப்புரிமைகளைத் தொகுத்து உரிமம் வழங்கும் பொறுப்பை சிப்ரோ லேப் என்ற கனடா நிறுவனம் ஏற்றிருந்தது. கருவி செய்பவர் அங்கே பணம் கட்ட வேண்டும். கட்டிய பணம் கருவியின் விலையில் ஏறும். அந்த விலையைக் கொடுத்தவர் யார்? வாங்கியவர்.

இங்கே ஒரு கதை சொல்கிறேன். அலுவலகங்களின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சைச் சாதாரணக் கணினியிலேயே நடத்திவிடலாம் என்று 1999இல் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர் அமெரிக்காவில் ஆஸ்டெரிஸ்க் என்ற மென்பொருளை எழுதினார். எழுதியதை உலகுக்கு இலவசமாகக் கொடுத்தார். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். சிறு ஊர்களில் சிறு முதலீட்டில் தொழில் தொடங்கியவர்களுக்கு அது வரம். ஆனால் அந்த இலவச மென்பொருளுக்குள் ஜி.729ஐச் சட்டப்படி சேர்க்க வேண்டுமானால், ஒரே நேரத்தில் நடக்கும் ஒவ்வோர் உரையாடலுக்கும் 10 டாலர் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசும் சிறிய அலுவலகமா? 300 டாலர். மென்பொருள் சும்மா வந்தது. குரலுக்குக் காசு கேட்டது.

தொகை சிறியதுதானே என்று கேட்கலாம். தொகையைவிடக் கணக்குதான் பெரிய தொல்லை. கட்டற்ற மென்பொருளை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்று எழுதியவருக்கே தெரியாது. ஒருவர் நூறு பேருக்குக் கொடுப்பார்; நூறு பேரும் ஆயிரம் பேருக்குக் கொடுப்பார்கள். பிரதிக்கு இவ்வளவு என்று கணக்குக் கேட்டால் அந்தப் பகிர்தல் அப்படியே நின்றுபோகும். ஆகவே உரிமத்தொகை ஒரு ரூபாயாக இருந்தாலும், இலவசமாகக் கொடுக்க நினைப்பவனின் கையை அது கட்டிப்போடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதுதான் என் மனத்தை மிகவும் உறுத்தும் செய்தி.

இந்தியாவில் இணையத் தொலைபேசிக்குக் கதவு திறந்தது 2002 ஏப்ரல் 1 அன்று. அன்றைக்கு வீடுகளில் இருந்த இணைய இணைப்பு எப்படிப்பட்டது? தொலைபேசிக் கம்பியில் கூவிக் கூவி இணையும் மோடம். அதன் உச்ச வேகமே நொடிக்கு 56,000 பிட். காப்புரிமைத் தொல்லை இல்லாத ஜி.711 கேட்பதோ 64,000. உள்ளே நுழையவே நுழையாது! அன்றைக்கு ஏழை நாட்டுக்குத் தேவைப்பட்டது சுருங்கிய குரல். சுருங்கிய குரலுக்குத்தான் பூட்டு போட்டிருந்தார்கள். ஜி.729இன் காப்புரிமைகளில் பெரும்பாலானவற்றின் காலம் முடிந்து, அது கட்டணமின்றிக் கிடைத்தது எப்போது? 2017 ஜனவரி 1 முதல். அதற்குள் 4ஜி வந்துவிட்டது, இணையம் மலிந்துவிட்டது. வறட்சிக் காலம் முழுக்கக் கிணறு பூட்டியிருந்தது. மழை பெய்த பிறகு பூட்டு திறந்தது. இருபது ஆண்டு என்பது சட்டப் புத்தகத்தில் ஓர் எண். ஒரு தலைமுறையின் தொழில் வாழ்க்கையில் அது பாதி.

பெரியோர்களே! வாடகைக்கு வாங்கிய வழியில் தொழில் நடத்துவது என்றால் என்ன என்பதை இந்தத் தூத்துக்குடிக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை இங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் விடப் புறப்பட்டபோது அவரிடம் சொந்தக் கப்பல் இல்லை. ஷாலைன் ஸ்டீமர்ஸ் என்ற கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்தார். எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. அது கப்பல் கொடுத்தவரை நெருக்கியது. வாடகை ஒப்பந்தம் முறிந்தது. பயணச்சீட்டு விற்றாயிற்று, மக்கள் கரையில் நிற்கிறார்கள், கப்பல் இல்லை! கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை அமர்த்தி நிலைமையைச் சமாளித்த வ.உ.சி., அன்றே ஒரு முடிவுக்கு வந்தார். வாடகைக் கப்பல் நம்முடைய கப்பல் ஆகாது. ஊர் ஊராக அலைந்து பங்கு திரட்டினார். எஸ்.எஸ். காலியாவும் எஸ்.எஸ். லாவோவும் வந்தன. எதிராளி கட்டணத்தைக் குறைத்த கதை உங்களுக்கெல்லாம் தெரியும். நான் நினைவூட்ட விரும்புவது அதற்கு முந்திய பாடத்தை. அனுமதியை நம்பி நடக்கும் தொழில், அனுமதி கொடுத்தவன் முகம் மாறும் நாளில் கரையிலேயே நின்றுவிடும்.

சரி, ஜி.729இன் கதை வெளிநாட்டுக் கதை, இந்தியாவில் கோடெக்குக்காக யாராவது கோர்ட்டுக்குப் போனார்களா? போனார்கள். அது பெரிய வழக்கு.

2013இல் ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தில் மைக்ரோமேக்ஸ் மீது வழக்குத் தொடர்ந்தது. அடுத்து இன்டெக்ஸ் மீது. பிறகு ஷாவ்மி மீது. பிறகு லாவா மீது. இவை சாமானியர்கள் வாங்கும் விலையில் கைபேசி விற்ற நிறுவனங்கள். எரிக்சன் முன்வைத்த காப்புரிமைகளில் சில 2ஜி, 3ஜி அலைத்தொடர்பு பற்றியவை. சில ஏ.எம்.ஆர். என்ற குரல் கோடெக் பற்றியவை. சாதாரணக் கைபேசியில் நாம் பேசும் பேச்சைச் சுருக்கும் முறை அதுதான். அதன் அகலமான வடிவம் இன்று 4ஜி அழைப்பிலும் ஓடுகிறது. அடல் தொடங்கிவைத்த அந்த ஊகிக்கும் கணிதத்தின் வழிவந்த முறைகள், அவர் பிறந்த நாட்டின் நீதிமன்றத்தில் உரிமைப் பொருளாக வந்து நின்றன.

மைக்ரோமேக்ஸ் வழக்கின் தொடக்கத்தில் ஓர் இடைக்கால ஏற்பாடு செய்யப்பட்டது. சாதாரண ஜி.எஸ்.எம். கைபேசி ஒன்றுக்கு அதன் விற்பனை விலையில் 1.25 சதவீதம், வசதி கூடக் கூடச் சதவீதமும் கூடும். 2014இல் இந்த விகிதம் குறைக்கப்பட்டது. ஆனால் அடிப்படைக் கேள்வி அப்படியே இருந்தது. குரலைச் சுருக்குவது கைபேசிக்குள் இருக்கும் ஒரு சில்லு. தொகையைக் கணக்கிடுவது முழுக் கைபேசியின் விலையில். திரை பெரிதானால், கேமரா நன்றாக அமைந்தால், அதற்கும் சேர்த்துக் கோடெக்காரருக்கு ஏன் பங்கு? மைக்ரோமேக்ஸ் இந்தக் கேள்வியை இந்தியப் போட்டி ஆணையத்திடம் கொண்டுபோனது. 2013இலேயே ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது.

லாவா வழக்கில் 2024 மார்ச் 28 அன்று தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எட்டுக் காப்புரிமைகளில் ஏழு செல்லும், ஒன்று செல்லாது என்றது. லாவா 244 கோடி ரூபாய் தர வேண்டும் என்றது. நீதிமன்றத் தீர்ப்பை மதிக்கிறேன். எரிக்சன் பொறியாளர்களின் உழைப்பையும் மதிக்கிறேன். எனக்கு வருத்தம் வேறு. அந்தத் தரங்கள் எழுதப்பட்ட அறைகளில் நாம் இல்லை. தரம் எழுதப்பட்டபோது இல்லாதவன், பில் வரும்போது மட்டும் இருந்தான். இந்த நிலைதான் மாற வேண்டும்.

நம் சட்டம் நமக்கு ஒரு கேடயத்தைத் தந்திருக்கிறது. அதைத் தந்தவர்களில் ஒரு தமிழரும் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போன என்.ராஜகோபால அய்யங்கார், 1959இல் காப்புரிமைச் சட்டம் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். இந்தியாவில் பதிவான காப்புரிமைகளில் மிகப் பெரும்பாலானவை வெளிநாட்டாரிடம் இருக்கின்றன. அவற்றை வைத்து இங்கே உற்பத்தி நடப்பது அரிது. சந்தையைப் பூட்டிவைக்கவே அவை பயன்படுகின்றன என்று எடுத்துக்காட்டினார். அந்த அறிக்கையின் அடித்தளத்தில் எழுந்தது 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். நம் நாட்டில் மருந்து மலிவாகக் கிடைத்ததற்கு அந்தச் சட்டம் பெரிய காரணம்.

அதே சட்டத்தின் 3(கே) பிரிவு என்ன சொல்கிறது? கணித முறையும், கணினி நிரல் என்ற அளவில் நிற்கும் நிரலும், கணக்கு வழிமுறையும் கண்டுபிடிப்பு ஆகா என்கிறது. 2002 திருத்தத்தில் நிரல் பற்றிய வாசகம் சேர்ந்தது. 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் அதைத் தளர்த்தப் பார்த்தது. 2005இல் நாடாளுமன்றம் அந்தத் தளர்வை ஏற்கவில்லை. கோடெக் என்பது அடிப்படையில் கணிதம்தானே, பிறகு எப்படிக் காப்புரிமை கிடைக்கிறது என்று மாணவர்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. "இது வெறும் நிரல் அன்று, கருவியில் தொழில்நுட்ப விளைவைத் தருவது" என்று விண்ணப்பத்தை எழுதுகிறார்கள். அந்த வாசலில்தான் வழக்கறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடுகிறார்கள். கேடயம் இருக்கிறது. ஆனால் கேடயத்தை மட்டும் வைத்துக்கொண்டு எவனும் முன்னேறியதில்லை. முன்னேற, நம் கையால் ஒன்றைச் செய்ய வேண்டும்.

செய்தவர்கள் இருக்கிறார்கள்! அவர்களைப் பற்றி இப்போது சொல்கிறேன்.

ஜி.729க்கு உரிமை கொண்டாடிய அதே ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்க் வாலின் என்ற மாணவர் படித்தார். குரல் கோடெக் ஒன்று யாருடைய அனுமதியும் இல்லாமல் கிடைக்க வேண்டும் என்று அவர் ஸ்பீக்ஸ் என்ற கோடெக்கை எழுதினார். 2003இல் அதன் முதல் முழு வடிவம் வெளிவந்தது. அதுவும் அடலின் செல்ப் வழியில் நடப்பதுதான். ஆனால் பிறருடைய காப்புரிமை தொடாத பாதையைத் தேடித் தேடிக் கட்டியது. இன்னொரு பக்கம், குளோபல் ஐ.பி. சவுண்ட் என்ற நிறுவனம் இணையத்தில் தரவுப் பொட்டலங்கள் தொலைந்தாலும் குரல் உடையாத ஐ.எல்.பி.சி. கோடெக்கை 2004இல் பொது ஆவணமாக வெளியிட்டது. ஸ்கைப் நிறுவனம் 2009இல் சில்க் என்ற கோடெக்கைக் கொண்டுவந்தது.

பிறகு ஓர் அரிய காரியம் நடந்தது. இணையத்தின் தரங்களை எழுதும் ஐ.இ.டி.எஃப். அமைப்பில் 2010இல் ஒரு பணிக்குழு கூடியது. அங்கே உறுப்பினர் கட்டணம் கிடையாது. எந்த ஊரிலிருந்தும், யாரும் மின்மடல் குழுவில் கலந்துகொள்ளலாம். உரிமத்தொகை கேட்காத ஒரே ஒரு நல்ல கோடெக்கை உலகுக்குத் தருவோம் என்று புறப்பட்டார்கள். "கோடெக் செய்ய ஏற்கெனவே அமைப்புகள் இருக்கின்றனவே, உங்களுக்கு இது எதற்கு?" என்று எதிர்த்தவர்களும் உண்டு. எதிர்ப்பைத் தாண்டி, ஸ்கைப்பின் சில்க்கையும் வாலினின் செல்ட் என்ற இன்னொரு கோடெக்கையும் ஒன்றாக இணைத்தார்கள். 2012 செப்டம்பரில் ஓபஸ் பிறந்தது. வாலினோடு ஸ்கைப்பின் கோயென் வோஸும் மொசில்லாவின் டிமத்தி டெரிபெரியும் அதன் ஆசிரியர்கள்.

ஓபஸ் என்ன செய்கிறது? நொடிக்கு 6,000 பிட்டிலும் பேசும். 5,10,000 பிட்டில் நாதஸ்வரக் கச்சேரியையும் கொண்டுபோகும். இணைப்பு தளர்ந்தால் தானும் சுருங்கும், வலுத்தால் விரியும். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் செய்தி ஓபஸ் வடிவில்தான் போகிறது. உலாவியிலிருந்தே பேசும் வெப்ஆர்டிசி முறையில் ஓபஸும் ஜி.711உம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2016இல் விதியே எழுதிவிட்டார்கள். உரிமை கொண்ட பிராட்காமும், ஸ்கைப்பை வாங்கிய மைக்ரோசாஃப்டும், ஸிஃப் அறக்கட்டளையும் தங்கள் காப்புரிமைகளைக் கட்டணமின்றி எழுதிக் கொடுத்தன. பகையாளிகள் என்று நாம் நினைக்கும் பெரிய கம்பெனிகள்கூடப் பொதுப் பாதையில் கைகோத்து நடக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் ஓர் எச்சரிக்கை. குவால்காம், ஹுவாவெய் முதலிய நிறுவனங்கள் தங்களுக்கும் இதில் உரிமை இருக்கலாம் என்று அப்போதே அறிவித்தன. சட்ட வல்லுநர்களை வைத்து ஆராய்ந்து, அவை பொருந்தா என்று ஓபஸ் அணியினர் பதில் சொன்னார்கள். 2023இல் வெக்டிஸ் என்ற நிறுவனம், ஓபஸ் பயன்படுத்தும் கருவிகளுக்கு உரிமம் வழங்க ஒரு காப்புரிமைத் தொகுப்பை அறிவித்தது. மென்பொருளுக்குக் கேட்கவில்லை, கருவிக்குக் கேட்டது. இதிலிருந்து தெரிவது என்ன? பொதுப் பாதை ஒருமுறை போட்டால் தானாகப் பொதுவாகவே இருந்துவிடாது. காவல் வேண்டும். படித்தவர்கள் காவல் நிற்க வேண்டும்.

நம்மால் இதெல்லாம் முடியுமா என்று யாராவது தயங்குகிறீர்களா? அவர்களை நம் கடற்கரையிலுள்ள வேப்பலோடைக்கு அழைத்துப் போகிறேன்.

முத்து என்றால் உலகம் இந்தக் கரையைத்தான் பார்த்தது. எத்தனையோ நூற்றாண்டுகள் நம்மவர்கள் மூச்சடக்கிப் பாருக்குள் இறங்கிச் சிப்பி எடுத்தார்கள். அந்த முத்தைச் சிப்பிக்குள் வளர்க்கும் வித்தையை ஜப்பானியர் கண்டார்கள். மிகிமோட்டோ 1896இல் அரைமுத்துக்குக் காப்புரிமை பெற்றார். உருண்டை முத்தை உருவாக்கும் முறையில் மிசே, நிஷிகாவா ஆகியோர் பெயர்கள் நிலைத்தன. அந்த நுட்பத்தை ஜப்பான் வெளியாருக்குச் சொல்லித்தராமல் பல்லாண்டுகள் பொத்திப் பாதுகாத்தது. முத்தின் தாய்க்கரையில் இருந்த நாம், முத்து வளர்க்கத் தெரியாதவர்களாக நின்றோம். 1961க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பும் நின்றுபோனது.

நாம் உரிமம் கேட்டுக் கையேந்தினோமா? இல்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர் கே.அழகர்சாமியும் அவருடைய குழுவினரும் வேப்பலோடையில் உட்கார்ந்தார்கள். நம் கடல் சிப்பியை எடுத்தார்கள். எங்கே கீறுவது, எந்தத் திசுவை வைப்பது, எப்படி உயிர் காப்பது என்று தாங்களே முயன்று முயன்று கண்டார்கள். 1973 ஜூலையில் இந்த மண்ணின் முதல் வளர்ப்பு உருண்டை முத்து அவர்கள் கையில் வந்தது! கண்டதைப் பூட்டிவைக்கவும் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளாக எழுதினார்கள். பிற மாநிலத்தவருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பூட்டிய வித்தைக்கு ஏற்ற பதில், தானே கற்பதும் கற்றதைத் திறந்துவைப்பதும் என்று காட்டிய ஊர் இது. வாலின் கனடாவில் செய்ததை அழகர்சாமி முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இங்கே செய்துவிட்டார்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

தொழில் நடத்தும் பெரியோர்களே! கப்பல் ஏஜென்சியோ, மருத்துவமனையோ, கால் சென்டரோ, எதற்காக டெலிபோன் அமைப்பு வாங்கினாலும் விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "இதில் ஓபஸும் ஜி.711உம் ஓடுமா? வேறு கோடெக் இருந்தால் அதன் உரிமம் யார் பொறுப்பு?" இந்த ஒரு வரியை டெண்டரில் எழுதுங்கள். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வரும்.

அரசு அதிகாரிகளே! பொதுப் பணத்தில் ஒரு தரத்தைக் கட்டாயமாக்கும் முன்பு, அந்தத் தரத்துக்குள் யாருடைய காப்புரிமை இருக்கிறது, என்ன விலை என்று கேட்டு வெளியிடுங்கள். விலை தெரியாத தரத்தை மக்கள் மீது ஏற்றாதீர்கள். தரம் கட்டாயமாவதற்கு முன்னால் கேட்டால் அது பேரம். கட்டாயமான பிறகு கேட்டால் அது கெஞ்சல்.

மாணவச் செல்வங்களே! உங்களிடம்தான் நான் அதிகம் எதிர்பார்க்கிறேன். டேவிட் ரோவ் என்ற ஆஸ்திரேலியப் பொறியாளரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெச்சூர் வானொலிக்காரர்களின் டி-ஸ்டார் முறை, ஒரே கம்பெனியின் மூடிய ஏ.எம்.பி.இ. கோடெக்கை நம்பியிருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க யாருக்கும் வழியில்லை. ரோவ் கோடெக்2 என்ற திறந்த கோடெக்கை எழுதினார். நொடிக்கு 1,000 பிட்டுக்கும் குறைவான அளவில் மனிதப் பேச்சைப் புரியும்படி அனுப்பிக் காட்டினார். அவரிடம் இருந்தது பெரிய தொழிற்சாலையா? கணிதமும் ஒரு கணினியும் விடாப்பிடியும்தான்.

இப்படிப்பட்ட கோடெக் நம் கடலுக்கு என்ன செய்யலாம் என்று எண்ணிப் பாருங்கள். கரையிலிருந்து தொலைவில், கைபேசிக் கோபுரம் எட்டாத இடத்தில், மன்னார் வளைகுடாவில் விசைப்படகு நிற்கிறது. சிக்னல் மெல்லியது. மோட்டார் இரைச்சல். காற்று. அந்த இரைச்சலுக்கு நடுவே "எஞ்சின் நின்னுபோச்சு" என்று ஒருவர் தமிழில் சொல்வதைக் கரை கேட்க வேண்டும். மிகக் குறைந்த பிட்டில், அந்த இரைச்சலோடு, தமிழ்ப் பேச்சில் திறந்த கோடெக்குகளைச் சோதியுங்கள். எங்கே சொல் உடைகிறது என்று பதிவு செய்யுங்கள். கண்டதை ஐ.இ.டி.எஃப். மின்மடல் குழுவுக்கு எழுதுங்கள். அந்த வாசலில் உங்களிடம் யாரும் கட்டணம் கேட்க மாட்டார்கள். உங்கள் கல்லூரியின் பெயரைக் கேட்டு எடைபோட மாட்டார்கள். உங்கள் கணக்கு சரியா என்று மட்டும்தான் பார்ப்பார்கள்.

சட்டம் படிக்கும் பிள்ளைகளே! இந்தியக் காப்புரிமை விண்ணப்பங்கள் 18 மாதங்களில் வெளியாகின்றன. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். காப்புரிமை வழங்கப்படும் முன்பு யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். பொறியியல் மாணவனும் சட்ட மாணவியும் ஒரே மேசையில் உட்கார்ந்து குரல் பற்றிய விண்ணப்பங்களைப் படித்தால், கணிதத்துக்குக் கருவி வேடம் போட்டு வருவதை உங்களால் அடையாளம் காண முடியும். ராஜகோபால அய்யங்கார் விட்டுச்சென்ற வேலை அது.

உழைத்தவனுக்குக் கூலி கொடுப்போம். மறுக்க மாட்டோம். ஆனால் எல்லோரும் பேசியாக வேண்டிய பாதையை ஒருவர் சொத்தாக எழுதிக் கொடுக்கும்போது நாம் அந்த அறையில் இருப்போம். கேள்வி கேட்போம். மாற்று எழுதுவோம். அடுத்த தலைமுறைக் கோடெக்குகள் இப்போதே எழுதப்பட்டுக்கொண்டிருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு கொண்டு குரலை இன்னும் சுருக்கும் முறைகள் வருகின்றன. அவற்றின் தரம் நாளை முடிவாகும். அந்த முடிவின் கீழே இடப்படும் கையொப்பங்களில் தூத்துக்குடிப் பிள்ளைகளின் பெயர் இருக்க வேண்டும். இருக்கும்படி செய்வது உங்கள் பொறுப்பு. உங்களைத் தயார்செய்வது எங்கள் பொறுப்பு.